ஒன்பது உருப்படிகளில் மூன்று: ஒரு வீட்டு காக்டெய்ல் பெட்டியின் மதிப்புரை

பழச்சாறும் வோட்காவும் சேர்ந்த காக்டெய்லை வீட்டிலேயே செய்து விருந்தினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், ஒன்பது உருப்படிகள் கொண்ட ஒரு ஷேக்கர் பெட்டியை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்த எட்டு மாதங்களில் வாரக் கடைசிகளில் எனக்காகவும், நண்பர்கள் கூடிய ஏழெட்டு மாலைகளில் கூட்டத்துக்காகவும் இதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை; அச்சு அசலாக இதைப் போன்ற பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுவதைப் பின்னர் பார்த்தேன், ஆகையால் நிறையும் குறையும் ஒரு பெயருக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒன்பதில் மூன்று உருப்படிகள்தான் உழைக்கின்றன, அந்த மூன்றிலும் மிக முக்கியமான ஒன்று பொய்யளவு காட்டுகிறது.

ஒரு ஷேக்கர், இரு பக்கமும் கிண்ணம் கொண்ட அளவுக் குவளை, முறுக்குத் தண்டுடைய நீளக் கரண்டி, விளிம்பில் கம்பிச்சுருள் சுற்றிய வடிகட்டி, பழம் நசுக்கும் மரக்கட்டை, ஐஸ் இடுக்கி, புட்டி வாயில் செருகும் ஊற்றுமூக்கு இரண்டு, இவற்றையெல்லாம் நிறுத்தி வைக்க ஒரு மரத்தாங்கி, இவையே அந்த ஒன்பது. கூடவே ஒரு செய்முறைக் கையேடும் உண்டு. அதை உருப்படிகளின் கணக்கில் சேர்க்காமல் விட்டது தயாரிப்பாளரின் நேர்மை என்றே நினைக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஷேக்கரிலிருந்து தொடங்குவோம். இது மூன்று பாகங்கள் கொண்ட வகை: அடியில் பெரிய குவளை, அதன் மேல் துளைகள் உள்ள வடிகட்டி மூடி, அதற்கும் மேல் சிறிய தொப்பி. 1884-இல் புரூக்ளினைச் சேர்ந்த எட்வர்ட் ஹாக் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றி நீடிக்கிறது. மதுக்கூடங்களில் வேலை செய்பவர்களில் பலர் இரண்டு குவளைகளை ஒன்றன் வாயில் ஒன்றாகப் பொருத்திக் குலுக்கும் பாஸ்டன் ஷேக்கரையே விரும்புவார்கள், ஏனெனில் அது வேகமானது. வீட்டில் ஆற அமரச் செய்பவருக்கு மூன்று பாக ஷேக்கரே எளிது. தனி வடிகட்டி தேவையில்லை, இரண்டு கைகளுக்குள் அடங்கும், பழக்கமில்லாதவர் குலுக்கினாலும் சுவரெல்லாம் தெறிக்காது. பெட்டியில் உள்ள ஷேக்கரின் கொள்ளளவு 550 மில்லிலிட்டர். எவர்சில்வர் தகடு ஓரளவு கனமானது. குலுக்கத் தொடங்கிப் பத்து நொடிக்குள் வெளிப்புறத்தில் வெண்மையான உறைபனி படர்வதைப் பார்க்கும்போது, பொருள் தன் வேலையைச் செய்கிறது என்ற நம்பிக்கை வருகிறது.

ஆனால் முதல் விருந்திலேயே இது என் மானத்தை வாங்கியது. அன்று ஆறு பேர் வந்திருந்தார்கள். முதல் மூன்று தடவை ஒழுங்காகத் திறந்த தொப்பி, நான்காவது தடவை அசையவே இல்லை. உள்ளே அன்னாசிச் சாறும் வோட்காவும் ஐஸோடு கிடக்கின்றன. ஐஸ் நொடிக்கு நொடி உருகிக்கொண்டிருக்கிறது. நான் துணியைச் சுற்றித் திருகுகிறேன், மேசை விளிம்பில் தட்டுகிறேன், நண்பர் ஒருவர் வாங்கித் தன் பலத்தைக் காட்டுகிறார். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தபோது தொப்பியின் ஓரத்தில் ஒரு நசுங்கலும் கோப்பையில் நீர்த்துப்போன மஞ்சள் தண்ணீரும்தான் மிஞ்சின. அந்த நசுங்கல் இன்றும் இருக்கிறது, தொப்பியை எந்தப் பக்கமாக வைத்தாலும் கண்ணில் படுகிறது.

இது இந்த ஒரு பெட்டியின் குறை அன்று, இந்த வகை ஷேக்கருக்கே உள்ள குணம். அறை வெப்பத்தில் இருந்த காற்று உள்ளே அடைபட்டு, குலுக்கும்போது பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றின் அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்துகிறது. உலோகமும் சற்றே சுருங்கி இறுகுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் மேல்கையால் எவ்வளவு இழுத்தாலும் வராது. இதற்கு மூன்று பழக்கங்கள் உதவுகின்றன. குலுக்கத் தொடங்குமுன் தொப்பியைக் கடைசியாக மூட வேண்டும், மூடும்போது அடித்து இறுக்காமல் பொருத்த வேண்டும். திறக்கும்போது இழுக்காமல், கட்டைவிரலால் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ள வேண்டும். காற்று உள்ளே நுழையும் ‘ஸ்’ என்ற ஓசை கேட்டால் மற்றது தானே வரும். அப்படியும் வராவிட்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தொப்பியைச் சுற்றி மட்டும் அரை நிமிடம் பிடித்தால் போதும். இவற்றில் ஒன்றைக்கூடக் கையேடு சொல்லவில்லை.

இன்னொரு காரணத்தை நானே கண்டுபிடித்தேன். சர்க்கரைப் பாகு தொப்பியின் உட்புறத்தில் காய்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. அன்று நான்காவது தடவை இறுகியதற்கு, முதல் மூன்று தடவையில் கழுவாமல் சேர்ந்த பாகும் ஒரு பங்காளி. இப்போதெல்லாம் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் மூன்று பாகங்களையும் குழாய் நீரில் ஒரு முறை அலசிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் துணி தேவைப்பட்டது.

அளவுக் குவளைதான் இந்தப் பெட்டியின் உண்மையான குற்றவாளி. ஒரு பக்கம் 60 மில்லிலிட்டர், மறுபக்கம் 30 மில்லிலிட்டர் என்று பொறித்திருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் அதை அப்படியே நம்பினேன். என் காக்டெய்ல்கள் ஒருநாள் நன்றாகவும் மறுநாள் தொண்டையை எரிப்பதாகவும் இருந்ததற்குப் பழத்தைக் குற்றம் சொன்னேன், ஐஸைக் குற்றம் சொன்னேன், வோட்காவைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒரு மாலை, வேறு எதற்கோ எடுத்த சமையலறைத் தராசு மேசைமேல் இருந்ததால், குவளையில் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்த்தேன். ஒரு மில்லிலிட்டர் நீர் ஒரு கிராம் என்பதால் இதைவிட எளிய சோதனை வேறில்லை. பெரிய பக்கம் விளிம்புவரை நிரப்பினால் 59 கிராம். குறை சொல்ல முடியாது. சிறிய பக்கம் விளிம்புவரை நிரப்பினால் 26 கிராம்தான். சிறிய பக்கத்தின் நடுவில் 15 மில்லிலிட்டர் என்று கோடிட்ட இடம்வரை நிரப்பினால் 9 கிராம். மூன்று முறை திரும்பத் திரும்ப நிறுத்தேன், எண் மாறவில்லை.

அந்தக் கோட்டை வரைந்தவர் என்ன நினைத்திருப்பார் என்பது குவளையை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாலே விளங்குகிறது. கிண்ணத்தின் உயரத்தில் சரிபாதியில் கோடு போட்டிருக்கிறார். ஆனால் அடி குறுகி வாய் விரிந்த பாத்திரத்தில் பாதி உயரம் என்பது பாதிக் கொள்ளளவு ஆகாது. கூர்முனை வரை இறங்கும் முழுக் கூம்பாக இருந்தால் பாதி உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் நிற்கும், இதுபோல் அடி வெட்டிய கூம்பில் மூன்றில் ஒரு பங்கு நிற்கிறது. போதாக்குறைக்கு, அந்தக் கோடு கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. எவர்சில்வர் வழியாக எதைப் பார்ப்பது?

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். உலக மதுக்கலவையாளர் சங்கத்தின் பட்டியலில் உள்ள காஸ்மோபாலிட்டனை எடுத்துக்கொள்வோம்: எலுமிச்சை மணமூட்டிய வோட்கா 40 மில்லிலிட்டர், ஆரஞ்சு மதுவான குவாந்த்ரோ 15, பிழிந்த எலுமிச்சைச் சாறு 15, கிரான்பெரிச் சாறு 30. இந்தக் குவளையின் கோட்டை நம்பினால் 15 என்று நினைத்து ஊற்றும் எலுமிச்சையும் ஆரஞ்சு மதுவும் ஒன்பது ஒன்பதாகக் குறைகின்றன, அதாவது புளிப்பிலும் இனிப்பிலும் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போகிறது. வோட்காவின் காரம் முன்னால் வந்து நிற்கிறது. மேலும், 40 மில்லிலிட்டரை 30-உம் 60-உம் மட்டும் உள்ள குவளையில் அளப்பது எப்படி என்பது தனிக் கேள்வி. பழ காக்டெய்லின் உயிரே புளிப்புக்கும் இனிப்புக்கும் இடையிலான இழுபறியில்தான் இருக்கிறது. ஐந்து மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறு கூடினாலோ குறைந்தாலோ நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். வோட்காவில் ஐந்து மில்லிலிட்டர் பிசகினால் அவ்வளவாகத் தெரியாது. இந்தக் குவளை பிசகக்கூடாத இடத்தில் பிசகுகிறது.

எனக்குக் கிடைத்த மாற்று வேடிக்கையானது. இருமல் மருந்துப் புட்டியின் தலையில் கவிழ்த்து வரும் சிறிய பிளாஸ்டிக் குவளையில் 5, 10, 15 என்று கோடுகள் இருக்கும், ஒளி ஊடுருவும். அதை நிறுத்துப் பார்த்தபோது 15 கோட்டில் 15 கிராம் நின்றது. அன்றிலிருந்து எலுமிச்சைச் சாறும் பாகும் அதில்தான் அளக்கப்படுகின்றன. விருந்தினர் முகம் சுளிக்காமலிருக்க அதை மரத்தாங்கிக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். தராசிலேயே எல்லாவற்றையும் அளக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வோட்கா நீரைவிட இலேசானது, 45 மில்லிலிட்டர் ஏறத்தாழ 43 கிராம்தான் இருக்கும், சம எடைச் சர்க்கரையும் நீரும் சேர்த்துக் கரைத்த பாகு கனமானது, 15 மில்லிலிட்டர் 18 கிராமைத் தாண்டும்.

பெட்டியைச் சோதிப்பதற்காக ஒரே பானத்தைத் திரும்பத் திரும்பச் செய்தேன். வோட்கா 45 மில்லிலிட்டர், அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 20, சர்க்கரைப் பாகு 15, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கரிக்கும் அளவுக்கு வேண்டாம். அது கசப்பை அமுக்கிப் பழத்தை முன்னே தள்ளுகிறது. அன்னாசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நுரை. வேகமாகக் குலுக்கினால் அன்னாசிச் சாறு முட்டை வெள்ளையின் உதவியே இல்லாமல் பாலாடைபோல் ஒரு விரற்கடை நுரை கட்டும். ஷேக்கர் நன்றாக வேலை செய்கிறதா என்பதற்கு அந்த நுரையே சான்று. மாதுளைச் சாறு நிறத்தில் அன்னாசியைத் தோற்கடிக்கும், ஆனால் நுரை கட்டாது, லேசான துவர்ப்பும் உண்டு; அதற்குப் பாகை ஐந்து மில்லிலிட்டர் கூட்ட வேண்டியிருந்தது. தர்ப்பூசணி ஏற்கெனவே தண்ணீர், அதை நெடுநேரம் குலுக்கினால் மேலும் தண்ணீர். மாம்பழக் கூழ் சுவையில் அபாரம். வடிகட்டி மூடியின் துளைகளுக்கு அது எமன்.

வோட்காவைப் பற்றி ஒரு வார்த்தை. பழச்சாறு இவ்வளவு சேரும் பானத்தில் விலையுயர்ந்த புட்டியைத் திறப்பது வீண் என்பதே என் கருத்து. பெரும்பாலான வோட்கா 40 சதவீத ஆல்கஹால் கொண்டது. தனக்கென்று பெரிய மணமில்லாமல் பழத்துக்கு இடம்விடுவதுதான் இங்கே அதன் வேலை. அதை உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் அது உறையாது, கெட்டியாகி எண்ணெய்போல் ஒழுகும்.

ஐஸ் பற்றித்தான் கையேடு மிகவும் கஞ்சத்தனமாக இருக்கிறது. ‘சில ஐஸ் கட்டிகள்’ என்று எழுதியிருக்கிறார்கள். சில கட்டிகள் போட்டால் அவை விரைவில் உருகிப் பானத்தை நீர்க்கச் செய்யுமே தவிரப் போதிய அளவு குளிர்விக்காது. ஷேக்கரின் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் இருக்க வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 334 ஜூல் வெப்பத்தைப் பானத்திடமிருந்து உறிஞ்சுகிறது. குளிர்ச்சி வருவதே அதனால்தான், ஆகவே தண்ணீர் சேராமல் குளிர்ச்சி மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது. ஆல்கஹாலும் சர்க்கரையும் கலந்திருப்பதால் பானம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியும் உறையாமல் இருக்கிறது. மேலே சொன்ன என் பானம் குலுக்குமுன் 125 மில்லிலிட்டர். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த கட்டிகளுடன் பதினைந்து நொடி குலுக்கி வடித்தால் ஏறத்தாழ 160 வருகிறது. வாளியில் அரை மணி நேரம் கிடந்து மேற்பரப்பு ஈரமாகிவிட்ட கட்டிகளைப் போட்ட ஒருநாள் அது 175-ஐத் தாண்டியது, சுவையும் கைவிட்டுப்போனது. விருந்துகளில் இதைத்தான் பெரும்பாலும் தவறவிடுகிறோம். மேசையில் அழகாக ஐஸ் வாளி வைப்பதைவிட, ஒவ்வொரு சுற்றுக்கும் உறைபெட்டிக்கு நடப்பது நல்லது.

வடிகட்டும் கட்டத்தில் இந்தப் பெட்டியின் விசித்திரமான முரண் தெரியவருகிறது. ஷேக்கருக்கே துளையுள்ள மூடி இருக்கும்போது, கம்பிச்சுருள் வடிகட்டி எதற்கு? அது பாஸ்டன் ஷேக்கரின் அகன்ற வாய்க்காக உருவானது. இந்த ஷேக்கரின் வாயில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஊற்றினால் இடைவெளி வழியாக ஐஸ் விழுகிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் சேர்த்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை. மூடியின் துளைகளோ ஸ்ட்ராபெரி விதைகளையும் ஐஸ் துணுக்குகளையும் தாராளமாக விடுகின்றன, நாரை மட்டும் பிடித்து அடைத்துக்கொள்கின்றன. நான் சாதாரணத் தேநீர் வடிகட்டி ஒன்றைக் கோப்பைக்கு மேல் பிடித்து, மூடி வழியாக அதில் ஊற்றுகிறேன். இரட்டை வடிகட்டலில் பானம் பட்டுப்போல் வருகிறது.

மரக்கட்டைக்கு மினுமினுப்பான பூச்சு பூசியிருந்தார்கள். மூன்றாம் மாதத்தில் அதன் முனையில் பூச்சு செதிலாக உரியத் தொடங்கியது. எலுமிச்சையின் புளிப்பில் ஊறியும் பழத்தோடு மோதியும் அது எத்தனை நாள் தாங்கும்? உரிந்த துணுக்குகள் எங்கே போயிருக்கும் என்று யோசித்த அன்றே கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இந்தப் பொருளை வாங்குவோர் பூச்சில்லாத மரக்கட்டையாகப் பார்த்து வாங்கட்டும். நசுக்கும் முறையிலும் நிதானம் தேவை: ஸ்ட்ராபெரியைக் கூழாக்கலாம், எலுமிச்சைத் துண்டைச் சாறு வரும்வரை அழுத்தினால் போதும், அதற்கு மேல் இடித்தால் தோலின் உட்புறத்து வெண்மையிலிருந்து கசப்பு இறங்கும். புதினாவை மெல்ல அழுத்தினாலே மணம் வந்துவிடும். அரைத்தால் புல் வாசனைதான்.

இனிக் கையேடு. இதில் முப்பது செய்முறைகள் இருக்கின்றன, பாதிக்கு மேல் வோட்கா பானங்கள். அளவுகளை ‘ஒரு ஷாட்’ என்று கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனின் மதுக்கூடங்களில் ஒரு அளவு என்பது 25 அல்லது 35 மில்லிலிட்டர். அமெரிக்காவில் பொதுவாக 44. பெட்டியோடு கொடுத்த குவளையிலோ இந்த மூன்றில் எதுவும் இல்லை. நீள் கோப்பையில் ஐஸின் மேல் நேரடியாக ஊற்றிச் செய்யும் சீ பிரீஸ் என்ற வோட்கா பானத்தைக் கையேடு குலுக்கச் சொல்கிறது. அது குற்றமில்லை, தேவையில்லாத வேலை, அவ்வளவுதான். ஆனால் ஒரு பழ பானத்தின் செய்முறையில் சோடாவையும் ஷேக்கரில் ஊற்றிக் குலுக்கும்படி எழுதியிருப்பதை மன்னிக்க முடியவில்லை. வாயு அடைத்த பானத்தை மூடிக் குலுக்கினால் அழுத்தம் ஏறித் தொப்பி பறக்கும். நல்லவேளையாக நான் அதைப் படித்தபோது எனக்கு அந்த அளவு அனுபவம் வந்திருந்தது. சோடாவோ ஜிஞ்சர் பியரோ மின்னும் ஒயினோ எதுவானாலும் குலுக்கி வடித்த பிறகு கோப்பையில் சேர்க்க வேண்டியவை. 2000-களின் தொடக்கத்தில் லண்டனில் டக்ளஸ் ஆங்க்ரா உருவாக்கிப் புகழடைந்த பேஷன் ஃப்ரூட் வோட்கா பானத்தில் மின்னும் ஒயினைக் கலக்கவே மாட்டார்கள், பக்கத்தில் தனிச் சிறு கோப்பையில் வைப்பார்கள். கையேட்டில் அந்தப் பானமும் இருக்கிறது, ஒயின்தான் காணவில்லை.

பரிமாறுவதில் ஷேக்கரின் கொள்ளளவு ஒரு பெரிய தடையாகிறது. 550 மில்லிலிட்டரில் ஐஸுக்கு இடம் விட்டுக் குலுக்கவும் வெற்றிடம் விட்டால், ஒரு தடவைக்கு ஒரு பானம் நிம்மதியாகச் செய்யலாம், இரண்டைத் திணிக்கலாம். இரண்டைத் திணித்தால் நுரை பாதியாகிறது. ஆறு பேருக்குச் செய்து முடிப்பதற்குள் முதல் கோப்பை காலியாகியிருக்கும் அல்லது வெதுவெதுப்பாகியிருக்கும். எனவே பெரிய கூட்டத்துக்கு நான் வேறு வழியைக் கைக்கொள்கிறேன். வோட்கா, அன்னாசிச் சாறு, பாகு மூன்றையும் மதியமே ஒரு ஜாடியில் ஆறு பங்காகக் கலந்து குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். எலுமிச்சையை மட்டும் விருந்தினர் வருவதற்குச் சற்று முன்னர் பிழிந்து சேர்ப்பேன், ஏனெனில் அதன் துடிப்பு சில மணி நேரத்தில் மங்கிவிடும். பிறகு 125 மில்லிலிட்டராக அளந்து அளந்து குலுக்கினால் ஒரு கோப்பைக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இந்தக் கலவையை உறைபெட்டியில் வைத்துவிடலாமே என்று ஒருமுறை முயன்றேன். வோட்கா தனியாக உறையாதே தவிர, சாறு கலந்து வலு குறைந்ததும் கூழாக இறுகிவிடுகிறது. அதைக் கரண்டியால் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம்.

கோப்பைகளைக் கால் மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் பானம் கடைசி மடக்குவரை குளிர்ச்சி மாறாமல் இருக்கும். அகன்ற வாயுள்ள, காம்பு வைத்த கோப்பையில் 180 மில்லிலிட்டர் அளவு போதும். அதைவிடப் பெரியதில் 160 மில்லிலிட்டர் பானம் குழந்தை அப்பாவின் சட்டையைப் போட்டதுபோல் காணப்படும். அலங்காரத்துக்கு ஓர் அன்னாசி இலையோ எலுமிச்சைத் தோல் சுருளோ வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம்.

பழ காக்டெய்லைப் பரிமாறுகிறவர் ஒரு கணக்கை மனத்தில் வைத்திருப்பது அவசியம். 45 மில்லிலிட்டர் வோட்காவில் 18 மில்லிலிட்டர், அதாவது சுமார் 14 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு நிலையான மது அளவு என்று கணக்கிடுவது இதையே. குலுக்கிய பின் 160 மில்லிலிட்டரில் அது 11 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, அதாவது மென்மையான ஒயின் ஒன்றின் வலு. ஆனால் ஒயினைக் குடிக்கும் வேகத்தில் யாரும் இதைக் குடிப்பதில்லை. பழச்சாறு என்று நினைத்து இரண்டு நிமிடத்தில் கோப்பையை வைத்துவிடுகிறார்கள். ஆகையால் ஒவ்வொருவருக்கும் எத்தனை கோப்பை கொடுத்தேன் என்பதை நான் எண்ணிக்கொள்கிறேன், வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு வோட்கா இல்லாத வடிவத்தையே கொடுக்கிறேன். அதே ஷேக்கரில், வோட்காவுக்குப் பதிலாக அன்னாசிச் சாற்றை 30 மில்லிலிட்டர் கூட்டி, பாகைப் பாதியாக்கி, குலுக்கி வடித்த பிறகு மேலே சோடா ஊற்றினால் நுரையும் நிறமும் அப்படியே இருக்கும். யார் கையில் எது இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குடிக்காதவருக்கு அது பெரிய நிம்மதி என்று ஒரு நண்பர் சொன்னார்.

மற்ற உருப்படிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளக் கரண்டி நன்றாக இருக்கிறது, ஷேக்கரும் பிழையோடாவது அளவுக் குவளையும் போக எனக்கு உழைத்தது அதுதான். இடுக்கியின் பற்கள் ஐஸைப் பிடிப்பதில்லை. ஊற்றுமூக்குகளை வோட்காப் புட்டியில் செருகி அப்படியே விட்டால் ஆல்கஹால் சிறிது சிறிதாக ஆவியாகிறது, பாகுப் புட்டியில் செருகினால் ஈ மொய்க்கிறது. மரத்தாங்கியில் இப்போது சமையலறைக் கரண்டிகள் நிற்கின்றன.

இதே பணத்துக்கு ஒரு நல்ல மூன்று பாக ஷேக்கரைத் தனியாக, முடிந்தால் 700 மில்லிலிட்டர் அளவில் வாங்கிக்கொள்ளுங்கள், உட்புறம் கோடிட்ட ஓர் அளவுக் குவளையை அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை. பெட்டியை யாராவது பரிசாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷேக்கர் மட்டும் நம்பகமானது, எட்டு மாதத்தில் துருவோ கசிவோ இல்லை. ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண், அதில் இரண்டு ஷேக்கருக்கு.

விற்பனையாளருக்கு அளவுக் குவளையின் படத்தையும் தராசின் எண்ணையும் அனுப்பி எழுதியிருந்தேன். மறுப்பேதும் சொல்லாமல், மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரத்துக்குள் புதிய குவளை ஒன்றை அனுப்பிவைத்தார்கள். உறையைப் பிரித்ததும் சிறிய பக்கத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்தேன். 27 கிராம்.